முதலாளியம்மா பிடுங்கிய ரோஸ்மேரி பாட்டில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தினமும் தேய்த்துக்கொள்கிறாயா? இங்கே பிரான்சில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திராட்சை பாதிக்கு மேல் பறித்தாயிற்று.

நீ சிரிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன், பயந்துவிடாதே. நீ ரோஸ்மேரித் தழையை ஊறவைத்து, வலிக்குத் தேய்க்கக் கொடுத்தனுப்பிய சாராயத்தை ஒரு சாயங்காலம் இடுப்பில் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசனை பிடித்து வந்த தோட்டத்து முதலாளியம்மா, "வேலைக்கு வந்த இடத்துல குடியா? ஸ்பெயின்காரிங்க புத்தியே இதுதான்!" என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு இடுப்பு நிமிரவில்லை. விடுவேனா? அவள் வாசலில் அழகுக்கு வளர்த்திருந்த ரோஸ்மேரி வேலியை விடிந்ததும் மொட்டையடித்தேன். வேலை போனால் போகட்டும். அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பானதும் நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கால்களை ஊறவைத்தோம்.

"யாருடி என் வேலியில கை வச்சது?" என்று கத்திக்கொண்டு வந்தாள். அவள் வாயிலிருந்து குப்பென்று நம் வீட்டு வாசனை!

"நான்தாம்மா. இடுப்புல தேய்க்கிறத தொண்டையில ஊத்திக்கிட்டீங்களே, வலி போச்சா?" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மத்தியானமே பாட்டில் திரும்பி வந்தது, பாதியாக.

அடுத்த பாட்டிலில் ஒரு கழுதைப் படம் வரைந்து அனுப்பு. கழுதை மருந்து என்று நினைத்துத் தொடமாட்டாள். இடுப்புக்கும் காலுக்கும் நானே தேய்த்துக்கொள்கிறேன். நடு முதுகுக்குத்தான் கை எட்டவில்லை, அதற்கு நீதான் வேண்டும்.

வேலைக்கு மணி அடிக்கிறார்கள், போகிறேன். நிமிர்ந்துதான் போகிறேன்.

உன்
ஃபுவென்சான்டா