நகல் பெட்டியில் ஓடும் படகு

என் சேகர் மச்சானே,

உன் படகைக் கேட்டு ஆள் வந்துவிட்டது. மாமல்லபுரத்தில் பழைய வீடியோ கேம் கண்காட்சி வைக்கப்போகிறவர், போன வாரம் செங்கல்பட்டில் நம் கடைப் படியேறினார். நீ நெட்டில் போட்டுவைத்த அந்தப் படகுப் புரோகிராமைத் தன்னுடைய ஒரிஜினல் கேம் பெட்டியில் ஓட்டியும் காட்டினார்.

பார்க்கச் சங்கடமாக இருந்தது. அலை நடுவில் கிழிகிறது. படகு பாதி தண்ணீருக்குள் போய்விடுகிறது. "புரோகிராம்ல தப்பு இருக்கு சார், எங்க ஆளு சரி பண்ணிடுவாரு" என்றார். டீ கொண்டுவந்த உன் அக்கா, "என் தம்பி தப்பா எழுதுனவன் இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்தது வியாபாரம்.

நீ இதோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியபோது கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "இன்னாடா மச்சான், பட்டன அமுக்குனா ஒண்ணுமே நடக்கல. இத எவன் வாங்குவான்?"

நீ தலை நிமிரவில்லை. "விக்கிறதுக்கு இல்ல மாமா. இந்த டப்பாவால நெம்மேலி கடலக் காட்ட முடியுமான்னு பாத்துகினு கீறேன். நீ போயி மிக்சி வித்துகினு இரு."

அந்த டப்பாவை நினைத்ததும்தான் எனக்கு உறைத்தது. அது நான் கொடுத்த கடைச் சரக்கு, ஒரிஜினலைப் பார்த்து அடித்த நகல். ஓடும் வேகமே வேறு. ஆட்டத்தில் பாட்டு இழுக்கிறது என்று எத்தனை பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள்! நீ கணக்குப் போட்டதெல்லாம் அந்த வேகத்துக்கு.

நீ எங்களை விட்டுப் போனபின் பரண்மேல் ஏற்றிய பெட்டியை, அதில் செருகியிருந்த உன் கேசட்டோடு இறக்கி, பழைய டிவியில் மாட்டினேன். அலை கிழியவில்லை. படகு ஒவ்வொரு அலையாக ஏறி இறங்கித் திருவிடந்தைக் கரையைத் தொட்டது. உன் அக்கா பட்டனை அமுக்கிப் பார்த்தாள். படகு அதுபாட்டுக்குப் போனது. அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா?

"அப்போ பெட்டியையும் சேத்து விலை சொல்லுங்க சார்" என்றார் வந்தவர்.

"விக்கிறதுக்கு இல்ல சார்" என்றேன். என் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை, நம்புவாயா?

கண்காட்சி முடியும்வரை தினமும் நானே மாமல்லபுரம் போய் சுவிட்ச் போடுவேன், மச்சான். பேசி முடித்தது இதுதான்: பெட்டி, கேசட், டிவி மூன்றும் சேர்ந்தே போகும், சேர்ந்தே திரும்பும். வாடகை இல்லை. பலகையில் உன் பெயர். புரோகிராமில் ஒரு வரியிலும் கைவைக்கக் கூடாது.

உன் அக்கா வீட்டுக்காரன்,
மிக்சி விற்கும் மாமா