உன் புகாரில் நான் வெட்டிய வரி

உன் விரல்களை முதலில் எடுத்தது பிரஸ் மெஷின். இரண்டாவதாக எடுத்தது நான்.

பத்து நாளுக்கு முன் எனக்கு ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. அந்தத் தமிழ் விசைப்பலகை செயலி பற்றி நாம் அனுப்பிய புகாரை ஏற்கெனவே மூடிவிட்டார்கள் அல்லவா, இப்போது நிரந்தரமாகப் பூட்டப் போகிறார்களாம். 'இந்தச் சிக்கல் உங்களுக்கு இன்னும் இருக்கிறதா?' என்று கேட்டிருந்தது. நீ போய் ஐந்து மாதமாகிறது. டெங்குவுக்கு நான்கு நாள் போதுமாக இருந்தது.

மறைமலைநகரில் அந்த மெஷின் உன்னிடம் விட்டுவைத்தது விறைத்துப்போன ஒரு சுண்டுவிரலையும் இடது ஆட்காட்டி விரலில் பாதியையும்தான். ஆஸ்பத்திரியில் நீ மயக்கம் தெளிவதற்குள் சூப்பர்வைசர் உன் வாக்குமூலத்தை எழுதி முடித்திருந்தான். 'கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டேன்.' கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சுண்டுவிரலில் மை தடவி ரேகை எடுத்துக்கொண்டார்கள். அழகான கையெழுத்து என்று நீயே சொல்லுவாய்.

தொழிலாளர் துறைக்கு மனுப்போட நான் எழுதித் தருகிறேன் என்றபோது நீ ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னொருத்தன் எழுதி நான் ரேகை வெச்சது போதும் மச்சான். இத நானே எழுதணும்" என்றாய். பேசினால் போனே எழுதிக்கொள்ளுமே என்றேன். "எப்ப பேச? வூடு ஒரே ரூம்பு, புள்ளைங்க தூங்கும். கம்பெனி பஸ்ஸுல பேசலாம்னா, முன்னாடி சீட்டுல அந்த சூப்பர்வைசர் குந்திகினு கீறான்."

அதனால்தான் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் வைத்து உன் போனில் அந்தச் செயலியைப் போட்டுத் தந்தேன். இலவசம், விளம்பரம் கிடையாது.

"இதுக்கு ஓனர் யாரு?"

"யாருமில்ல. எல்லாரும்தான். குறை இருந்தா நீயே சொல்லலாம். கம்ப்யூட்டர் படிச்சிருக்கணும்னு இல்ல."

"அப்ப நானும் ஓனரா? பதினோரு வருசமா கம்பெனில கீறேன், ஒருத்தன் சொல்லல."

சிரித்தாய். ஆனால் நான் சொன்னதை நம்பினாய். ஒரே வாரத்தில் உன் குரல் செய்தி வந்தது: "எனக்கு விரல் இல்ல. மீந்த கட்டைய வெச்சு அழுத்துறேன். எடுக்க நேரமாவுது. அதுக்குள்ள வேற எழுத்துங்க எம்பிக்கினு வருது, கை அதுல பட்டுடுது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

ஒரு புகாரில் இதற்கு மேல் என்ன வேண்டும்? யார், எப்படி, என்ன நடக்கிறது, என்ன செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. சம்பளத்துக்கு மென்பொருள் சோதிக்கிற எனக்கு அது தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையில் படகு ஓரமாக உட்கார்ந்து புகார்ப் படிவத்தை நிரப்பினோம். முழுக்க ஆங்கிலம். நான் படித்துச் சொல்லச் சொல்ல நீ பொறுமையிழந்தாய். "போன் மாடல் கேக்குறான், வெர்சன் கேக்குறான். கை எப்டி கீதுன்னு ஒரு கேள்வி கூட கேக்கல பாரு." எல்லாருக்கும் சொந்தம் என்று எழுதி வைத்துவிட்டு, பத்து விரலும் ஆங்கிலமும் உள்ளவனுக்கு மட்டும் கதவு திறக்கிற இடம் அது. நான் அந்தக் கதவுக்கு வாட்ச்மேன் வேலை பார்த்தேன். உன் பேச்சைத் திருத்தமான ஆங்கிலத்தில் மாற்றினேன். 'விசையை அழுத்தும்போது மாற்று எழுத்துகள் சீக்கிரம் தோன்றுகின்றன.' அவ்வளவுதான். முதல் வரியை எடுத்துவிட்டேன்.

நான்கு நாளில் பதில் வந்தது. மூன்று போன்களில் சோதித்தார்களாம், எல்லாம் சரியாக இருக்கிறதாம், புகார் மூடப்பட்டது. சரியாகத்தான் இருக்கும். சோதித்தவர்களுக்கு விரல் இருந்தது.

உன்னிடம் வந்து, நீ இன்னும் தெளிவாக விளக்கியிருக்க வேண்டும் என்றேன். வெட்கமில்லாமல் அதையும் சொன்னேன்.

"விரல் இல்லன்னு போட்டியா?"

"அது பர்சனல் மச்சான். அங்கல்லாம் போட மாட்டாங்க."

"எனக்கு மேட்டரே அதான்டா. சூப்பர்வைசர் கையெழுத்து நல்லா இருந்துச்சு. உன் இங்கிலீசும் நல்லாத்தான் கீது."

அதன் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எழுதுவதை விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். போன மாதம் உன் மனைவி உன் போனைக் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் தெரிந்தது, நீ விடவில்லை. மனு பாதியில் நிற்கிறது. 'கைய நான் உள்ள விடல' என்கிற முதல் வரி சுத்தமாக இருக்கிறது. அந்த ஒரு வரியை எத்தனை முறை அழித்து எழுதினாயோ. அடுத்து, மெஷின் தானாக இறங்கியதைச் சொல்ல வந்திருக்கிறாய். அதற்கப்புறம் வரிக்கு வரி தேவையில்லாத எழுத்துகள் நுழைந்து, கடைசியில் எதுவும் படிக்க முடியவில்லை.

"தப்பெல்லாம் எடுத்துட்டு நீட்டா எழுதிக் குடு தம்பி. ஆபீசுல குடுக்கணும்" என்றார் உன் மனைவி. உள்ளதை உள்ளபடியே அச்செடுத்து, எனக்குப் புரிந்ததைத் தனித்தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுத்தேன். அவருக்குக் கோபம். "இத போய் எப்டி குடுக்கிறது? படிக்காதவன் எழுதுன மாரி கீது." அவர் எழுதியதே இதுதான் அண்ணி என்றேன். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது அலுவலகத்தில் யாருடைய புகார் வந்தாலும் முதல் வரியில் கை வைப்பதில்லை. "கதை வேணாம், ஸ்டெப்ஸ் மட்டும் போடு" என்று டீம் லீட் திட்டுகிறார். போடுகிறேன், கதைக்குக் கீழே.

அந்த மின்னஞ்சலுக்கும் அன்றைக்கே பதில் எழுதினேன். நீ சொன்னதை, உன் குரலோடு, ஒரு சொல் மாற்றாமல் மேலே வைத்தேன். ஆங்கிலத்தில் அதன் பொருள். உன் மனுவின் படம். அதற்குக் கீழே நான் சில வரிகள் எழுதினேன். இந்த நிமிடம் வரை பதில் வரவில்லை. நான் எழுதியது இதுதான்:

'புகாரைத் திறங்கள். சோதித்துச் சொல்ல இந்த ஆள் இப்போது இல்லை, அதனால் நீங்கள் செய்யுங்கள். விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள். விரல் முட்டியை வைத்து உங்கள் பெயரை ஒரு தடவை எழுதிப் பாருங்கள். என்ன வந்தது என்று சொல்லுங்கள்.'