நாலு பேரும் பார்க்கிற மாதிரி ஓர் ஆட்டம்

செப்டம்பர் 11, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. ஆபீசில் வேலை குறைவு.

மேனேஜர் துரை லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். சனி மத்தியானம் கிளம்பலாம். ஞாயிறு ஆறு மணிக்குள் தோட்டத்துக் கேட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்குமேல் ஊரடங்கு. அவசரகாலம் வந்து நாலு வருஷம். மலாக்கா டவுனில் ஒரு ராத்திரி தங்கப்போவது இதுதான் முதல் தடவை.

நாலு பேர். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நான், பள்ளிக்கூடத்துக் கோபால் வாத்தியார், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்து வேலு, லோரி மாணிக்கம். என்ன பார்ப்பது என்று முடிவு பண்ணும் வேலை என் தலையில். பேப்பர் ஆபீசுக்குத்தான் வருகிறது, அதனால்.

இருப்பவை:
1. தமிழ்ப் படம், புதுசு. வேலு கட்சி.
2. நாடகம், சனி சாயங்காலம். வாத்தியார் கட்சி. "வசனத்துக்காகவே பாக்கணும்யா!"
3. குஸ்தி. ஆரம்பிக்கவே பத்து மணி ஆகுமாம். பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.
4. இங்கிலீஷ் படம். குதிரை, துப்பாக்கி. வேண்டாம். மாணிக்கத்தின் முன்னால் துப்பாக்கிச் சத்தம் கூடவே கூடாது.

மாணிக்கத்தையும் கேட்டேன். "எதுனாலும் சரிலா" என்றான். அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு முன் ரப்பர் ஷீட் ஏற்றிப்போன அவன் லோரிமேல் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்கள் குண்டு வீசினார்கள். தோளில் மட்டும் காயம். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி, பிறகு பழையபடி லோரி. ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை. சாயங்காலம் நாங்கள் உட்கார்ந்து பேசினால் பாதியில் எழுந்து போய்விடுகிறான். தலைக்கனம் என்கிறான் வேலு. எனக்கென்னவோ பயம் என்று படுகிறது. இந்தப் பயணமே அவனுக்காகத்தான். அவனிடம் சொல்லவில்லை.

செப். 12, வெள்ளி

மழை விட்டது. புழுக்கம். பேனாவில் மை ஒழுகி சட்டை பாழ்.

டவுனை ஒட்டிய பாச்சாங்கிலிருந்து அத்தை மகன் ராசு கடிதம். நாலு பேருக்கும் படுக்க இடம் உண்டு. நாடகத்துக்கும், ஞாயிறு மத்தியானப் படத்துக்கும் டிக்கெட் எடுத்து வைத்துவிட்டானாம். ஆக, இரண்டு கட்சிக்கும் சமாதானம்.

மத்தியானம் மாணிக்கத்தின் மனைவி பொன்னம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"கிராணியண்ணே, டவுன்ல ரோட்டைத் தாண்டறப்ப அவர் கையப் புடிச்சுக்குங்க."

சிரித்துவிட்டேன். "அவன் லோரி ஓட்டுறவன்மா!"

அவள் சிரிக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனாள்.

செப். 13, சனி. பாச்சாங்

கேட்டில் சோதனை. பொன்னம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் போலீஸ் பிரித்துப் பார்த்து அவளிடமே திருப்பிவிட்டார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது. காட்டுக்குப் போய்விடுமாம். வேலு முறைத்தான், வாத்தியார் அவனை இழுத்துக்கொண்டு வந்தார்.

மெர்லிமாவில் பஸ் முக்கால் மணி தாமதம். வாத்தியார் வழியெல்லாம் நாடகக் கதை. வேலு வழியெல்லாம் தூக்கம்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். எங்களுக்கு நாலாவது வரிசை. எனக்குப் பக்கத்தில் மாணிக்கம். சிரிப்புக் காட்சியில் எல்லாரும் சிரித்து முடிக்கும்போது இவன் ஆரம்பிக்கிறான். முதலில் அதை நான் கவனிக்கவில்லை. பிறகு அதை மட்டும்தான் கவனித்தேன். மேடையை விட்டு என் முகத்தைப் பார்க்கிறான். பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்.

இரண்டாம் பாதியில் விளக்கு அணைந்துபோனது. கும்மிருட்டு. நடிகர்கள் கெட்டிக்காரர்கள், நிறுத்தவே இல்லை. இருட்டிலேயே அண்ணன் தம்பி இரண்டு பேரும் சண்டையைத் தொடர்ந்தார்கள். அந்தக் குரல்! ஜனம் மூச்சுவிடாமல் கேட்டது.

மாணிக்கம் என் கையைப் பிடித்தான். சத்தமாகக் கேட்டான். "என்னடா, நிறுத்திட்டாங்களா? ஏன் எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்க?"

முன்வரிசையில் திரும்பி "உஷ்" என்றார்கள். அதுவும் அவனுக்குக் கேட்கவில்லை.

நான் அவன் கையை விடவில்லை. விளக்கு வந்த பிறகு மேடையில் என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது.

மற்றவர்கள் ராசுவோடு சாப்பிடுகிறார்கள். பசியில்லை என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். தலைக்கனமும் இல்லை, பயமும் இல்லை. மூன்று மாதமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன். தெரியவில்லையே. நாளைக்குப் படம். இரண்டரை மணி நேரம் வசனம். அங்கே அவனை உட்காரவைத்து இன்னொரு முறை என் முகத்தைப் பார்க்கவைக்க முடியாது.

செப். 14, ஞாயிறு

வீடு வந்தாயிற்று. மணி ஏழு. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

படத்து டிக்கெட்டை ராசு ராத்திரியே என்னிடம் கொடுத்திருந்தான், மற்றவர்களுக்குத் தெரியாது. காலையில் பொய் சொன்னேன். "படத்துக்கு டிக்கெட் கிடைக்கல, ஹவுஸ்ஃபுல்." ராசு வாயைத் திறப்பதற்குள் கண் காட்டினேன். வேலுவுக்குக் கோபம். "ஒரே ஒரு படம் கேட்டேன்லா!"

பார்க்க மட்டும் ஏதாவது வேண்டும், காதுக்கு வேலையில்லாமல். சர்க்கஸ் இல்லை. கடற்கரை வேண்டாம் என்றார் வாத்தியார். சும்மா தெருத்தெருவாக நடந்தோம். ஒரு சீனக் கோயிலுக்கு எதிரே மேடை, மத்தளம், தாளம். அவர்களுக்கு இது பேய் மாதமாம். பகலிலேயே வாயாங் கூத்து நடக்கிறது. பட்டு உடை, முகமெல்லாம் சிவப்பு வெள்ளைச் சாயம்.

முன்வரிசை முழுக்கக் காலி. வேலு போய் உட்கார்ந்தான். ஒரு சீனப் பாட்டி விசிறியால் அவன் தோளில் ஒரு போடு போட்டு, "இத்து ஹந்து புன்யா!" என்றாள். பேய்களுக்குப் போட்ட நாற்காலியாம் அது. வேலு எழுந்த வேகம்! அவன் கோபமெல்லாம் அங்கேயே போயிற்று.

பின்னால் நின்றோம். சீனம் எங்கள் நாலு பேருக்கும் தெரியாது. வாத்தியார் நெற்றியைச் சுருக்கினார். "ஒண்ணும் புரியலையே."

மாணிக்கம் சொன்னான். "அந்தத் தாடிக்காரன் தகப்பன் இல்ல வாத்தியாரே, மாமனார். பொண்ணு அவன் கண்ணப் பாக்க மாட்டேங்குறா பாருங்க. கடிதத்த ஒளிச்சு வச்சிருக்கா. வலது கைய மடக்கியே வச்சிருக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் கையிலிருந்து கடிதம் வந்தது. வேலு கச்சான் கடலை விற்பவரிடம் மலாயில் விசாரித்தான். மாமனார்தானாம். அப்புறம் இரண்டு மணி நேரம் மாணிக்கம்தான் எங்களுக்குக் கதை சொன்னான். அவனை இடையில் நிற்கவைத்து ஆளுக்கொரு பக்கம் நின்றோம். பழைய மாணிக்கம். தொண்டை கட்டும்வரை பேசினான்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது என்னைப் பின்னால் நிறுத்தினான்.

"பாக்கெட்ல நாலு டிக்கெட் வச்சிருக்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு."

அவன் முகத்துக்கு நேராகத் திரும்பி, "எப்பலேர்ந்துடா?" என்றேன்.

"குண்டு வெடிச்ச அன்னிக்கே. வலது காது சுத்தமா இல்ல. இடதுல தண்ணிக்குள்ள பேசுற மாதிரி. பொன்னம்மாவுக்குத் தெரியும். சொன்னா லோரிய வாங்கிடுவாங்கடா. லோரி இல்லேன்னா நான் யாரு?"

"ரோட்ல பட்டாளத்தான் நிறுத்தச் சொன்னா?"

"கையப் பாப்பேன். ரெண்டு தடவ தப்பிப்போச்சு. பரவால்ல."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மெர்லிமாவுக்கு முன்னால் ரோட்டை மறித்து பஸ்ஸை நிறுத்தினார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம், கூட மலாய்ப் போலீஸ். எல்லாரையும் இறக்கி அடையாளக் கார்டு பார்த்தார்கள். மாணிக்கத்தின் கார்டு முதலில் முடிந்தது. ஒன்றுக்குப் போக ரப்பர் மரங்களைப் பார்த்து நடந்தான். பின்னாலிருந்து பட்டாளத்தான் ஒருவன் கத்தினான். "ஹால்ட்!" மறுபடியும் "ஹால்ட்!" இவன் போய்க்கொண்டே இருந்தான். துப்பாக்கி தோளுக்கு ஏறியது.

ஓடினேன். ஓடக் கூடாது என்று தெரியும். "காது கேக்காது! தெலிங்ஙா ரோசாக்! காது கேக்காதுங்க!" துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. வயதான மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் அந்தக் குழலைக் கையால் கீழே அழுத்தினார்.

நான் தோளைத் தொட்டதும்தான் மாணிக்கம் திரும்பினான். என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் துப்பாக்கியைப் பார்த்தான். பஸ் சனம் முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். தோட்டத்து ஆட்கள் ஆறு பேர் அதில்.

கேட்டில் மாணிக்கம் சொன்னது ஒரே வார்த்தை. "சொல்லிட்டியேடா."

செப். 15, திங்கள்

தூறல். தலைவலி.

நான் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே மாணிக்கம் துரை வாசலில் நின்றிருக்கிறான். தானே சொல்லிவிட்டான். லோரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். என்னைத் தாண்டித்தான் போனான். பார்க்கவில்லை.

துரை கேட்டார், உனக்குத் தெரியுமா என்று. நேற்றுத்தான் தெரியும் என்றேன். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதச் சொன்னார். என் கையாலேயே எழுதினேன். லோரிக்கு வேறு ஆள் வரும்வரை பக்கத்துத் தோட்டத்து டிரைவர்.

பத்து மணிக்கு வேலு வந்தான், உடம்பெல்லாம் புகை நாற்றம். "புகைக்கூடத்துக்கு ஒரு ஆள் வேணும்னு ரெண்டு மாசமா கேக்குறேன்னு துரைகிட்ட சொல்லுங்க கிராணி. மாணிக்கத்தையே போடுங்க." வேலு அப்படி ஆள் கேட்டதே இல்லை. அப்படியே போய்ச் சொன்னேன்.

செப். 17, புதன்

வெயில். சட்டையில் மைக்கறை போகவில்லை.

பொன்னம்மா வழியில் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"லோரி திரும்பி வர்ற சத்தம் கேட்டாத்தான் மூச்சே வரும்ண்ணே எனக்கு. மூணு மாசம். நேத்துத்தான் தூங்குனேன்." கிளம்பும்போது, "அவர் இன்னும் கோவமாத்தான் இருக்காரு" என்றாள்.

நாலு மணிக்குப் புகைக்கூடப் பக்கம் போனேன். பலகையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷீட் அடுக்கிக்கொண்டிருந்தான். வாசலில் நின்று கூப்பிட வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். சுற்றிப் போய் அவனுக்கு எதிரே நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு நான் உட்கார இடம் விட்டுப் பலகையில் கொஞ்சம் நகர்ந்தான்.