படம் வந்தால் அப்பாவைக் கேள்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும், அக்காவும் அவள் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று பொய் சொல்வாய், அதனால் கேட்கவில்லை.

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ‘அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே’ என்று நீ அழுததையும் சேர்த்தே சொன்னாள், அவள் வாயில் எது தங்கியிருக்கிறது. என் பெயரில் ஒரு மெயில், அதில் ஒரு வார்த்தை இல்லை, படம் மட்டும். குழந்தை படமாக இருக்கும் என்று ஆபீஸ் லேப்டாப்பிலேயே திறந்தாய், பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்துவிட்டாய், இப்போது உன் பெயரில் யார் யாருக்கோ மெயில் போகிறது. வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் மொட்டையாக வந்த மெயிலைப் பார்த்ததும் சந்தேகப்பட்டிருக்கும். நம் வீட்டில்தான் யாரும் ஒரு வரி எழுதுவதில்லையே. ஜன்னலோரம் பூத்த செடி, அம்மாவின் புதுக் கண்ணாடி, குழந்தையின் முதல் பல், எல்லாமே உனக்கு வெறும் படமாகத்தான் வரும். அப்பா நாலு வரி எழுதியிருந்தால்தான் நீ பயந்திருப்பாய். அதனால் உன்னை நீயே முட்டாள் என்று திட்டிக்கொள்ளாதே. ஒற்றை அறையில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு வீட்டிலிருந்து ஒரு படம் வந்தால் கை சும்மா இருக்குமா? என் பெயரை வைத்து உன்னை ஏமாற்றியவன் மட்டும் கையில் கிடைத்தால், லிஃப்டில் ஏற்றி, இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.

ஆனால் ஆபீசில் இன்னும் வாயைத் திறக்கவில்லையாமே, அதுதான் என்னை உறுத்துகிறது. வேலை போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. இத்தனை வருடமாக லிஃப்ட் ரிப்பேர் செய்கிறேன், ஏதோ சத்தம் கேட்கிறது என்று உடனே கூப்பிட்டவர்களை நாங்கள் யாரும் திட்டியதில்லை. சத்தம் கேட்டும் கேட்காத மாதிரி ஓட்டினவர்களைப் பார்த்துத்தான் தலையில் அடித்துக்கொள்வோம். உன் மேலாளர் இரண்டு வார்த்தை சத்தம் போடலாம், போடட்டும், நீ சும்மா இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் திருடனுக்குத்தான் லாபம். ஆபீசில் சொல்லும்வரை அந்த லேப்டாப்பில் நெட்டைத் துண்டித்து வை. வீட்டுச் சமாச்சாரம் எல்லாம் இனிமேல் உன் சொந்தப் போனில் மட்டும். எங்கள் பங்குக்கு நாங்களும் மாறிக்கொள்கிறோம். என் மெயில் பாஸ்வேர்டை அக்கா மாற்றிக் கொடுத்துவிட்டாள், படம் அனுப்பினால் கூடவே போனும் செய்வோம். அம்மா இப்போதே என்ன பேசலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். வேளைக்குச் சாப்பிடு, இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. வேலை இருந்தாலும் போனாலும் நீ எங்கள் பிள்ளைதான், உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய்.

ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தை அக்கா படமெடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல், உன் போனுக்கு அனுப்பப் போகிறாள். நான்தான் அனுப்பச் சொன்னேனா என்று கேட்ட பிறகுதான் நீ திறந்திருக்க வேண்டும். கேட்காமலே இதுவரை படித்துவிட்டாய் பார், வாலு! போகட்டும், முதலில் மேலாளரைக் கூப்பிட்டுச் சொல். அடுத்து எங்களைக் கூப்பிட்டு, எழுதியது நிஜமாகவே அப்பாதானா என்று கேள். அந்தச் சாக்கிலாவது உன் குரலைக் கேட்கிறோம்.

என்றும் உன்,
அப்பா