மொட்டை மாடிக் குடுவை

9 அக்டோபர் 1979, செவ்வாய்

இன்றும் வந்துவிட்டது. மூன்றாவது தடவை. ஆய்வுக்கூட மொட்டை மாடியில் குடுவையை வைத்தோம்: தண்ணீர், அதில் வினையைத் தூண்டும் வெள்ளைப் பொடி, உள்ளே கரியமில வாயு, மேலே காரைக்குடி வெயில். மாலையில் எடுத்து அளக்கும் கருவியில் ஏற்றினால் மெத்தனால் இருக்கிறது. வெறும் வாயுவிலிருந்து எரிபொருள்! இருட்டில் வைத்த அன்று ஒன்றும் வரவில்லை. எங்கள் ஆய்வுத் தலைவர் குமரப்பன் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "சகாயம், கட்டுரையைத் தபால்ல போட்டாச்சும்மா. அடுத்த மாசம் டெல்லியிலேருந்து குழு வருது. டிசம்பரோட முடியிற உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியிருக்கேன்."

அம்மாவிடம் சொன்னேன். உடனே மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கக் கிளம்பிவிட்டாள். எனக்கு மட்டும் ஏன் நம்ப முடியவில்லை?

11 அக்டோபர்

சும்மா ஒரு சரிபார்ப்புக்குத்தான் செய்தேன். சார் மதுரைக்குப் போயிருந்தார். கரியமில வாயுவுக்குப் பதிலாக நைட்ரஜனை விட்டு வெயிலில் வைத்தேன். நைட்ரஜனில் கரி ஏது? மெத்தனால் வரவே கூடாது.

வந்தது. அதே அளவு.

கருவி வரைந்த காகிதத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லைதானே?

12 அக்டோபர்

தெரிந்துவிட்டது. நான்தான்.

சோதனை தொடங்குமுன் வந்த ஆயுத பூஜைக்கு எங்கள் உதவியாளர் சோணை எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். குடுவைக்கு மூன்று பொட்டு, அதன் ரப்பர் மூடிக்கு ஒன்று. அவ்வளவு பக்தியோடு வைக்கிறவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வேதக்காரப் பெண் பூஜையை மதிக்கவில்லை என்று பேச்சு வேறு வரும். அவர் வீட்டுக்குப் போன பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். மூடியில் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஸ்பிரிட்டிலேயே ஊறப் போட்டேன். ஸ்பிரிட்டில் மெத்தனால் இருப்பது எனக்குத் தெரியாதா? எம்.எஸ்ஸி. படித்த கழுதை! ரப்பர் குடித்து வைத்திருந்ததை வெயில் சூட்டில் கக்கியிருக்கிறது. இருட்டில் சூடு இல்லை, கக்கவில்லை. அவ்வளவுதான் எங்கள் எரிபொருள்.

நாளை சாரிடம் சொல்லிவிடுவேன்.

13 அக்டோபர்

சொல்லவில்லை.

17 அக்டோபர்

சார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே ஏதாவது குடுவையைக் கழுவப் போய்விடுகிறேன். "ஏம்மா மொகம் வெளுத்துப் போயி இருக்கீக? சாப்டீகளா?" என்று சோணை கேட்டார். டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

24 அக்டோபர், புதன்

சாரே நைட்ரஜன் விட்டுப் பார்த்துவிட்டார். குழு வருமுன் எதற்கும் ஒரு தடவை என்று. அளவு குறைந்திருந்தது, ஆனாலும் இருந்தது. கருவியை விட்டு எழுந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. மூடியை மூக்கருகே வைத்து முகர்ந்தார். "இதை ஸ்பிரிட்ல போட்டது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் சோணை, "நான்தான் சார். பொட்டு வச்சதும் நான், தொடச்சதும் நான்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு தண்ணீர்த் தொட்டியருகே, "ஏண்ணே?" என்று கேட்டேன்.

"மறுநா வந்தா பொட்டக் காணோம், பஞ்சு குப்பையில கெடக்கு. எனக்குத் தெரியாதாக்கும்? எனக்கு நிரந்தர வேலை, ஒரு மெமோவோட போயிரும். உங்களுக்கு அப்படியா? பேசாம இருங்க."

பேசாமல் இருந்தேன். அதற்கென்ன, எனக்குச் சொல்லியா தரவேண்டும்?

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

சார் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார், டெல்லிக் குழுவும் வரவில்லை. சோணைக்கு மெமோவோடு போகவில்லை. இருபது வருஷம் ஆய்வுக்கூடத்துக்குள் இருந்தவரை வாசல் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் நான் உள்ளே போகும்போது எழுந்து நின்றார். எனக்கு!

மாலையில் அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினேன். காற்றில் மூன்று தீக்குச்சி வீணாயிற்று. போதும் சாமி, என்னால முடியல. வேலை போனா அம்மாவ எப்படிக் காப்பாத்துவேன்? போகாட்டி, தெனமும் அந்த வாசலை எப்படித் தாண்டுவேன்?

5 நவம்பர், திங்கள்

நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாரிடம் கொடுத்துவிட்டேன். சார் இரண்டு தடவை படித்தார். "இனி சோணை மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

31 டிசம்பர்

வேலை முடிந்தது. மறைத்தவளுக்கு நீட்டிப்பு இல்லை.

6 ஜனவரி 1980, ஞாயிறு

பூசை முடிந்து செக்காலை மாதா கோயிலிலிருந்து வந்தால் எங்கள் வாசலில் சோணையின் சைக்கிள். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "நான் எதுக்கு அப்படிச் சொன்னேன்னு நெனச்சீக? கெடுத்துட்டீகளே! அன்னைக்கு வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இருந்தீகள்ல, அப்படியே இருந்தா என்னவாம்?" அம்மா காப்பி கொடுத்தும் ஓயவில்லை. அவரை மறுபடி உள்ளேயே எடுத்துக்கொண்டார்களாம். அதையும் கோபமாகத்தான் சொன்னார். அவர் திட்டத் திட்ட எனக்கு நிம்மதியாக இருந்தது.

சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னார்: "வந்த விசயத்தை மறந்துட்டேன் பாருங்க. புதுக் குடுவை, புது மூடி. கரியமில வாயு விட்டா வருதாம், நைட்ரஜன் விட்டா ஒண்ணும் வரலையாம். ரொம்பக் கொஞ்சமாம், ஆனா நெசமாம். சகாயத்துக்கிட்ட மொதல்ல சொல்லுன்னு சார் சொன்னாக."

நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். அவர் தெருவைத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. செருப்புக்கூடப் போடாமல் முக்கு வரை ஓடினேன், எவ்வளவு வந்தது என்று கேட்க. சைக்கிளைக் காணோம்.