சிவப்பு வட்டம் விழாத பாட்டுகள்

11.2.63, திங்கள்

இன்று முதல் இடைவேளை வரை வெயிலில் நின்றேன். கரும்பலகையில் 'கணக்கு எனக்குக் கனக்குது' என்று எழுதியது யார் என்று பரமலிங்கம் மாஸ்டர் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. ஆனால் வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அடுத்தமுறை இடக்கையால் எழுதவேண்டும்.

வீட்டுக்கு வந்தால், முற்றத்தில் பாய் விரித்து அக்கா தன் சீனப் புத்தகங்களைக் காயப்போட்டிருந்தா. மாரித் தண்ணி பெட்டிக்குள் போய்ப் பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். ஒரு கோழி வந்து எழுத்துகளைக் கொத்திப் பார்த்தது. புழு என்று நினைத்திருக்கும். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

அக்கா ஏழு வருஷம் கல்கத்தாவில், சர்வகலாசாலையில் பழைய சீனப் பாட்டுப் படிப்பித்தவா. பழசு என்றால் ஆயிரம் வருஷத்துக்கு மேலே. போன வருஷக் கடைசியில் இந்தியாவும் சீனாவும் மலையில் சண்டை பிடித்தன. சண்டை மலையிலே, அடி எங்கள் பத்மாக்காவுக்கு. வகுப்பை நிறுத்திவிட்டார்கள். தையில் கிளிநொச்சியில் வந்து இறங்கினா. முப்பத்திரண்டு வயது, இரண்டு தகரப்பெட்டி, வேலை இல்லை.

"ஐயா விதைச்சது சீனட்டி நெல்லு, அக்கா படிப்பிச்சது சீனப் பாட்டு, நான் களவெடுத்துத் தின்னுறது சீனி. பேசாமல் எங்கடை வீட்டைச் சீனா எண்டு கூப்பிடலாம்" என்றேன். அம்மா சிரித்தா. அக்காவும் கொஞ்சம். ஐயா சிரிக்கவில்லை. வயலுக்குத் தண்ணி விடப் போய்விட்டார்.

14.2.63, வியாழன்

அக்காவின் தமிழ்ப் பாட்டுக் கடதாசிக் கட்டை இன்று பார்த்தேன். (கேட்காமல்தான்.) அநேகமான வரிகளின் ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்பு வட்டம். சந்தனப்பொட்டுக் கேள்விப்பட்டிருக்கிறேன், பாட்டுக்குக் குங்குமப்பொட்டா என்று கேட்டேன். காது முறுக்குவா என்று பார்த்தால், இருத்திவைத்துக் கதை சொன்னா.

அது அவாவுடைய வாத்தியார் போட்டது. லின் என்று பெயர். கல்கத்தாவிலேயே இருந்த சீனக் கிழவர். அந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்காம் — நல்ல வரி என்றால் பக்கத்தில் சிவப்பு மைத் தூரிகையால் வட்டம் போடுவார்களாம். அக்கா ஒவ்வொரு பாட்டையும் தமிழில் எழுதி அவருக்கு வாசித்துக்காட்டுவா. அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. முதலில் கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்பார். பிறகு அக்கா ஒவ்வொரு சொல்லையும் வங்காளியில் பிரித்துச் சொல்லவேண்டும். அதன் பிறகுதான் தூரிகை. சில பாட்டு ஆறு மாதம் வட்டமில்லாமல் கிடந்ததாம்.

வட்டம் விழாத பாட்டை அக்கா யாருக்கும் காட்டமாட்டா. அப்படி இன்னும் பதினெட்டு இருக்கு. அவற்றை வாசித்துக்காட்டமுன்னமே சண்டை வந்துவிட்டது. லின் வாத்தியாரையும் மகளையும் ஒரு நாள் காலமை லொறியில் ஏற்றிப் பாலைவனப் பக்கம் ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏன்? சீனர் என்றபடியால். அவ்வளவுதானாம்.

நான் ஒரு பகிடியும் விடவில்லை.

20.2.63, புதன்

பதினெட்டுப் பாட்டையும், பக்கத்தில் வங்காளியில் அர்த்தத்தையும் பிரதிபண்ணி, முகாம் விலாசத்துக்கு அக்கா தபாலில் போட்டா. உறையை ஒட்டியது நான். நாக்கெல்லாம் பசை.

3.3.63, ஞாயிறு

தபால்காரர் ஏரம்பண்ணை சைக்கிளைச் சாத்திவிட்டு ஐயாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். "சீனத்திலை பாட்டும் இருக்கோ? நான் நினைச்சன் அரிசி மட்டும்தான் எண்டு."

ஐயா சொன்னார்: "சீனாவுக்கு ரப்பரைக் குடுத்து அரிசி எடுக்கிறாங்கள். பிள்ளையைக் குடுத்து நான் என்னத்தை எடுத்தனான்?"

அக்கா கிணற்றடியில் நின்றா. கேட்டிருக்கும். வாளி கொஞ்ச நேரம் கீழேயே கிடந்தது.

22.3.63, வெள்ளி

இரண்டு நல்ல செய்தி ஒரே நாளில்! ஒன்று: யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடம் வைத்திருக்கிற கதிர்காமநாதன் என்பவர் அக்காவின் பாட்டுகளைப் புத்தகமாகப் போடுகிறாராம். ஆனால் முழுதும் வேணுமாம். பாதிப் புத்தகம் விலைப்படாதாம். இரண்டு: கொழும்பில் சீனம் படிப்பிக்க ஒருவரை எடுக்கப்போகிறார்களாம். மே மாதம் நேர்முகம். அச்சான புத்தகம் கையில் இருந்தால் நல்லது என்று அக்காவின் சிநேகிதி எழுதியிருக்கிறா.

ஆகவே: வட்டம் விழுந்தால் புத்தகம். புத்தகம் வந்தால் வேலை. வேலை கிடைத்தால் அக்கா பழையபடி அக்கா.

"அந்தப் பதினெட்டையும் அப்பிடியே குடுங்கோவன் அக்கா, ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றா.

14.4.63, ஞாயிறு

வருஷப்பிறப்பு. முகாமிலிருந்து ஒன்றும் இல்லை.

5.5.63, ஞாயிறு

அக்கா கொழும்புக்குக் கோச்சி ஏறிவிட்டா. அம்மாவின் நீலச் சேலை. ஸ்ரேசனில் கோச்சி வெளிக்கிடும்போது ஐயா யன்னலுக்குள்ளால் ஒரு சோடாப் போத்தலை நீட்டினார்.

7.5.63, செவ்வாய்

பொதி திரும்பி வந்துவிட்டது.

ஏரம்பண்ணை என் கையில்தான் தந்தார். உறை முழுக்க முத்திரை, கோடு, அடித்த விலாசம். உடைக்கவே இல்லை. நான் ஒட்டின பசை ஒட்டினபடி. அம்மா வயலில். அக்கா கொழும்பில்.

இதை எப்படி அக்காவிடம் நீட்டுவது?

பின்னேரம்.

செய்துவிட்டேன். பரமலிங்கம் மாஸ்டரின் சிவப்பு மை (இரவல், அவருக்குத்தான் தெரியாது), கோழி இறகு ஒன்று. பழைய கட்டைத் திறந்து லின் வாத்தியாரின் வட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். மேலே தொடங்கி இடப்பக்கமாக இறங்கி, முடியிற இடத்தில் கொஞ்சம் மெலிந்துபோகும். பிறகு பதினெட்டுக்கும் போட்டேன். உறை அடுப்புக்குள் போய்விட்டது.

போடும்போது பாட்டுகளை வாசித்தேன். ஒன்று, தூர ஊருக்கு மாற்றம் கிடைத்த ஒரு உத்தியோகத்தன் எழுதினது:

'படகு போயிற்று.
கயிறு கட்டியிருந்த கல் மட்டும்
இன்னும் ஈரம்.'

இதுக்கு லின் வாத்தியார் கட்டாயம் வட்டம் போட்டிருப்பார். நான் இரண்டு போட்டேன்.

நான் விட்ட பகிடிகளிலேயே இதுதான் திறம். யாரும் அழாத பகிடி.

9.5.63, வியாழன்

எப்பிடி எழுதுறது.

அக்கா பின்னேரக் கோச்சியிலை வந்தா. முகம் கழுவித் துடைச்ச கோப்பை மாதிரி, ஒண்டுமில்லை. நேர்முகம் சரிவரேல்லை எண்டு நினைச்சன். சாப்பிடுங்கோ எண்டு அம்மா கேட்டதுக்கு, ரெண்டு நாளாய்ப் பசியில்லை எண்டா. எனக்குச் சந்தோஷம் — சீ, சந்தோஷம் எண்டே எழுதுறன் — என்னட்டை மருந்து இருக்குதே எண்டு. ஓடிப்போய்க் கட்டைக் குடுத்தன். "முகாமிலையிருந்து வந்தது."

முதல் பக்கத்தைப் பார்த்தா. பார்த்துக்கொண்டே கதிரையிலை இருந்தா. வட்டத்தை விரலாலை தொட்டா. பிறகு எழும்பிக் குசினிக்குள்ளை போய், "அம்மா, எனக்குச் சோறு போடுங்கோ" எண்டா.

சோறும் கருவாட்டுக் குழம்பும். ரெண்டாம் முறையும் கேட்டு வாங்கினா. கட்டை மடியிலை வைச்சுக்கொண்டு, இடக்கையாலை பக்கத்தைப் பிரட்டிப் பிரட்டிச் சாப்பிட்டா. சிரிச்சா. கண்ணீர் வந்தது, துடைக்கேல்லை. ஐயா படியிலை நிண்டு பார்த்தார். அவருக்கும் முகம் மலர்ந்தது.

கை கழுவிப்போட்டு வந்து கடைசிப் பக்கம்வரை பிரட்டினா. திரும்ப முதலிலையிருந்து பிரட்டினா.

"விமலி, உறை எங்கை?"

"தலையணைக்கே அக்கா?" எண்டன். நாசமாய்ப்போன வாய்.

"எல்லாத்துக்கும் விழுந்திருக்கு. அவர் ஒருநாளும் எல்லாத்துக்கும் போடமாட்டார்."

நான் நிலத்தைப் பார்த்தன். அது போதும் அவாவுக்கு.

அடிப்பா எண்டு நிண்டன். அடிக்கேல்லை. என்ரை கையைப் பிடிச்சு, நகத்திடுக்கிலை இருந்த சிவப்பைப் பார்த்தா. மெதுவாய்த்தான் சொன்னா. கொழும்பிலை, தன்னோடை படிப்பிச்ச ஒரு வங்காளி அம்மாவைச் சந்திச்சவாவாம். லின் வாத்தியார் தையிலேயே முகாமிலை காய்ச்சலிலை செத்துப்போனாராம். பாட்டு அனுப்ப முதலே. கோச்சி முழுக்க அதை நினைச்சுக்கொண்டு வந்து, இந்த வட்டங்களைக் கண்ட உடனை, அந்த அம்மா சொன்னது பிழை எண்டு நினைச்சவா.

"நான் சோறு தின்னேக்கை அவர் உயிரோடை இருந்தவர், விமலி."



10.5.63

அக்கா கதைக்கேல்லை.

15.5.63, புதன்

சிவப்பு மையைப் பரமலிங்கம் மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். எதுக்கு எடுத்தனி என்று கேட்டார். சும்மா என்றேன். என்ன, உனக்குச் சுகமில்லையோ என்று கேட்டார்.

3.6.63, திங்கள்

கொழும்பிலிருந்து மறுமொழி. இல்லையாம்.

அக்கா இன்றுதான் நேர்முகக் கதையைச் சொன்னா. சீனத்து அரிசிக் கப்பல்காரரோடு கதைக்க உத்தியோகத்தருக்குச் சீனம் படிப்பிக்கவேணுமாம், முடியுமா என்று கேட்டார்களாம். தனக்குத் தெரிந்தது ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சீனம், அதைப் படிப்பித்தால் கப்பல்காரருக்கு விளங்காது என்று அக்கா சொன்னாவாம்.

"சந்தைக்குப் போய் வெண்பாவிலை மீன் வாங்கிறமாதிரி" என்றேன். வாய்தவறி வந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு நான் விட்ட முதல் பகிடி.

அக்கா, "ஓம், அப்பிடித்தான்" என்றா. என்னைப் பார்த்துச் சொன்னா. அது போதும். போதுமா? எனக்குப் போதும்.

12.6.63, புதன்

பதினெட்டுப் பாட்டும் இல்லாமல் புத்தகம் போடுங்கோ என்று அக்கா அச்சுக்கூடத்துக்கு எழுதினதுக்குப் பதில்: வாங்க ஆளும் இல்லை, எழுதினவாவுக்கு உத்தியோகமும் இல்லை, பாட்டும் குறைவு, இப்போதைக்கு வேண்டாம் என்று மரியாதையாக எழுதியிருக்கிறார் கதிர்காமநாதன்.

20.7.63, சனி

ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத ஆம்பிளையள் விரதம் பிடிக்கிற நாள். ஐயா ஒவ்வொரு வருஷமும் தன் தகப்பனுக்காக, எங்கள் அப்புவுக்காக, பிடிக்கிறவர். அம்மா விரதக் கறிக்குக் காத்தோட்டிக்காய் தேடி நேற்று முழுக்கக் காட்டோரம் அலைந்தா.

காலமை கிணற்றில் தோய்ந்துவிட்டு வந்து ஐயா அக்காவிடம் கேட்டார்: "பிள்ளை, அந்த மனிசன் எந்தத் திகதியிலை மோசம் போனவர்?"

அக்காவுக்கு விளங்க நேரம் எடுத்தது. "தையிலை ஐயா. திகதி ஒருத்தருக்கும் தெரியாது."

"திதி தெரியாட்டில் அமாவாசை பொருந்தும். பொம்பிளைப்பிள்ளை நீ தர்ப்பணம் குடுக்கேலாது. நான் இருக்கேக்கை குடுக்கவும் கூடாது. வெளிக்கிடு, நான் குடுக்கிறன்."

மூன்று பேரும் போனோம். இரணைமடுக் குளத்தில் தண்ணி வற்றிக் கிடக்கு. அணைக்கட்டால் இறங்கி, வெடித்த சேற்றில் கனதூரம் நடந்துதான் தண்ணியைத் தொடலாம். ஐயர் கரையில் சாக்கு விரித்து இருந்தார். வரிசையாகச் சனம். அப்புவுக்குக் கொடுத்து முடிந்ததும் ஐயா எழும்பவில்லை. இன்னொருவருக்கும் கொடுக்கவேணும் என்றார்.

"என்ன முறை?"

"மகளின்ரை வாத்தியார்."

"கோத்திரம்?"

சீனகோத்திரம் என்று என் நாக்கு நுனிக்கு வந்தது. கடித்துப் பிடித்துக்கொண்டேன்.

"சிவகோத்திரம் எண்டு சொல்லுங்கோ" என்றார் ஐயா.

"பேர்?"

ஐயா அக்காவைப் பார்த்தார். அக்கா முன்னுக்கு வந்து முழுப்பேரையும் சொன்னா. லின் வென்யுவான். ஐயர் இரண்டு தரம் பிழைவிட்டார். அக்கா ஒவ்வொரு தரமும் பொறுமையாகத் திருத்தினா, வகுப்பில் நிற்கிற மாதிரி. மூன்றாம் தரம் ஐயருக்குச் சரிவந்தது. ஐயா முழங்கால் தண்ணியில் நின்று எள்ளையும் தண்ணியையும் விட்டார்.

திரும்பி வரும்போது, அவருடைய மகளுக்கு இனி ஆர் இருக்கினம் என்று ஐயா கேட்டார். தெரியாது என்றா அக்கா.

2.9.63, திங்கள்

அக்கா வவுனியாவுக்குப் போய்விட்டா. நெளுக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளையளுக்கு இங்கிலிஸ்.

27.9.63, வெள்ளி

விஜயதசமி. அக்காவின் பள்ளிக்கூடத்தில் வாணி விழா என்று அம்மாவும் நானும் பஸ் ஏறி நெளுக்குளம் போனோம். பிள்ளையள் அக்காவைச் சுற்றி, "இங்கிலிஸ் ரீச்சர், இங்கிலிஸ் ரீச்சர்" என்று சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். ஒரு பெடியன் முன்பல் இரண்டும் இல்லாமல் பாட்டுச் சொன்னான். நல்லாய்த்தான் பழக்கியிருக்கிறா.

பூசை முடிந்து அவலும் கடலையும் தந்தார்கள். தலைமை ஆசிரியை அன்னபாக்கியம் ரீச்சர் எங்களோடு வாங்கில் வந்து இருந்தா. நல்ல மனிசி, நிறையக் கதைப்பா. பத்மாசனி ரீச்சர் கல்கத்தாவில் படிச்சவா என்று கேள்விப்பட்டேன், என்ன படிச்சவா என்று அம்மாவிடம் கேட்டா.

அம்மா அக்காவைப் பார்த்தா. நான் வாயைத் திறந்துவிட்டேன். ஏழு வருஷமும், ஆயிரம் வருஷப் பாட்டும், எல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது. வாங்குக்குக் கீழே அக்காவின் கால் என் காலை மெதுவாக மிதித்தது.

"பி.ஏ. தான் ரீச்சர்" என்றா அக்கா. பிறகு ஒரு பிள்ளையின் கையில் அவல் குறைவு என்று, எழும்பிப் போய்ப் போட்டா.

நான் கடலையைத் தின்றேன்.