பூஜை லீவில் ஏறிய மலை

8 அக்டோபர் 2002, செவ்வாய்

ஆபீசில் நாள் முழுக்கச் சான்றிதழ் டைப் அடித்து விரல் மரத்துப்போனது. செங்கல்பட்டில் ரயிலைப் பிடித்து கூடுவாஞ்சேரியில் இறங்கி வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே இலக்கியாவும் பரணியும் குதிக்கிறார்கள். பத்து வருஷம் ஒருநாள்கூட ஆப்சென்ட் ஆகாததற்காக இவருக்குக் கம்பெனியில் கூப்பன் கொடுத்திருக்கிறார்கள். மகாபலிபுரம் தாண்டி ஒரு ரிசார்ட்டில் குடும்பத்தோடு இரண்டு நாள். நீச்சல் குளம், சறுக்குமரம், ஞாயிறு காலையில் வேனில் கூட்டிப்போய் மலையேற்றம், எல்லாம் அதில் சேர்த்தி. பூஜை லீவில் போகலாம் என்கிறார்.

எனக்குக் கடல்தான் முதலில் ஞாபகம் வந்தது. பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்கு நாலு. அந்தப் பக்கம் அலை இழுத்துக்கொண்டு போன செய்தி பேப்பரில் வராத மாதம் உண்டா? சொன்னேன்.

"எதுக்கெடுத்தாலும் பயம். உன்னை வச்சிகினு ஒரு எடம் போவ முடியுதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

10 அக்டோபர், வியாழன்

கணுக்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கியாயிற்று. பரணி முழங்காலைத் தொட்டுக் காட்டி "இதானே கணுக்கால்?" என்கிறான்.

12 அக்டோபர், சனி. ரிசார்ட்டில்

அறை பெரியது. ஜன்னலைத் திறந்தால் சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் கடல். மதியத்திலிருந்து இலக்கியா சறுக்குமரத்தில் ஏறி ஏறிக் குளத்தில் விழுகிறாள். இவர் டயரில் படுத்து மிதக்கிறார், பரணி அவர் வயிற்றின் மேல். நான் கரையில் உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி ஒன்று.

சாயங்காலம் கடலுக்குப் போனோம். இலக்கியாவின் கையை நான் பிடித்த பிடியில் வளையல் பதிந்து சிவந்துவிட்டது. "அம்மா, வலிக்குது" என்றாள். விடவில்லை.

நாளை மலை. அதில் தண்ணீர் இல்லை. அந்த மட்டும் நிம்மதி.

13 அக்டோபர், ஞாயிறு. ஆஸ்பத்திரி

உயிர் இருக்கிறது. பேச முடியவில்லை அவரால். முகமே இல்லை, வீக்கம்தான் இருக்கிறது. கடவுளே, எழுதினால் மனசு ஒரு நிலைக்கு வரும் என்று பார்த்தால் —

14 அக்டோபர், திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். டாக்டர் கேட்கும்போதெல்லாம் உளறுகிறேன்.

திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு பாறை மலை. இரண்டு வேன். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் காலேஜ் பையன்கள். வழி காட்ட ஏசுபாதம் என்று ஒருவர், பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். பாதி மலையில் பரணி கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான். நான் அவனோடு ஒரு தட்டைப் பாறையில் நின்றுகொண்டேன். இவரும் இலக்கியாவும் மேலே போனார்கள். பையன்கள் வேறு பக்கமாக ஏறிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட ஏசுபாதம் போனார்.

பரணிக்கு பிஸ்கட் பிரித்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு லாரி ஏற்றத்தில் திணறுகிற மாதிரி சத்தம். மலையில் ஏது லாரி என்று நிமிர்ந்தால், பாறைக்கு மேலே கறுப்பாகப் புகை போல எழும்புகிறது. புகை இல்லை. தேனீ.

"ஓடாதம்மா! கொயந்தய புடவையில மூடிகினு குப்புறப் படு!" என்று எங்கிருந்தோ ஏசுபாதம் கத்தினார்.

படுத்தேன். பரணி எனக்கு அடியில். என் முதுகில் நாலைந்து கொட்டின. அதெல்லாம் ஒன்றுமில்லை. மேலே இலக்கியா கத்துவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. அந்தக் கேட்காத நேரம் எவ்வளவு என்று தெரியவில்லை. எழுந்து போகவும் முடியாது, கீழே பையன். நான் போகவில்லை. நான் எழுந்து போகவில்லை.

ஏசுபாதம் காய்ந்த ஓலையைக் கொளுத்திப் புகை காட்டிக்கொண்டு மேலே ஏறி இரண்டு பேரையும் இழுத்து வந்தார். இவர் இலக்கியாவைத் தரையில் தள்ளி அவள் மேல் கவிழ்ந்து படுத்திருந்தாராம். அவளுக்கு ஏழு கொட்டு. இவருக்குத் தலை, காது, கழுத்து, முதுகு எல்லாம். கொடுக்கு எடுத்த நர்ஸ் இருநூறுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

இன்று மத்தியானம் ஏசுபாதம் பார்க்க வந்தார். அவர் கையும் வீங்கித்தான் இருந்தது. வராண்டாவில் நின்று சொன்னார்: "அது சும்மா கலையாதும்மா. யாரோ கல்லு உட்டுக்கீறாங்க. இருவது வருசமா போறேன், ஒருத்தரையும் தொட்டதில்ல அது."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்தக் காலேஜ் பையன்கள்தான். வேறு யார்? வராண்டா முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "எவன் கல்லு போட்டானோ அவன் கை அழுவிப் போவணும். அந்தக் கை சோறு திங்கக் கூடாது" என்றேன்.

இலக்கியா என் பக்கத்தில்தான் நின்றாள், ஒரு கண் வீங்கி மூடியபடி.

15 அக்டோபர், செவ்வாய்

மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் வருகிறது. அதுவும் கொஞ்சம். நர்ஸ் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

16 அக்டோபர், புதன்

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விஷம் கிட்னியை அடித்திருக்கிறதாம். மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். "திரும்ப வேலை செய்யுமா?" என்றேன். "பெரும்பாலும் செய்யும்மா. காத்திருக்கணும்" என்றார். பெரும்பாலும் என்றால் என்ன? மிச்சம் யார்?

கழுத்தில் குழாய் போட்டுவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான். நாக்கை நீட்டி நீட்டி உதட்டை நனைத்துக்கொள்கிறார்.

18 அக்டோபர், வெள்ளி

நாள் முழுக்க மூத்திரம் 40 மில்லி.

19 அக்டோபர், சனி

அச்சரப்பாக்கத்திலிருந்து இவருடைய அக்கா வந்து வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வேண்டா என்று பெயர் வைத்தார்களாம். அந்த அண்ணி இல்லாவிட்டால் இன்று நான் இல்லை. "நீ தம்பியப் பாரு. வூட்ட நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

துணி எடுக்க ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போனேன். இலக்கியா சொன்னதையெல்லாம் செய்கிறாள். தலை சீவ உட்கார்ந்தால் அசையாமல் உட்கார்கிறாள். தம்பியிடம் சண்டை இல்லை. பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

22 அக்டோபர், செவ்வாய்

35 மில்லி. குறைந்திருக்கிறது. மெஷினில் இருக்கும்போது இவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காலைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்து, "பாப்பா எப்டிக்கீறா?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். "எதனா சொன்னாளா?" என்றார். என்ன சொல்ல வேண்டும்? முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் போவதற்குக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

அவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று இன்று முதல்முறையாக முழுசாக நினைத்துப் பார்த்தேன். ரயிலில். மறைமலைநகரில் யாரோ பூ விற்றுக்கொண்டு ஏறினாள். நான் வாங்கவில்லை. வாங்காததற்கும் பயந்து, அவளைத் திரும்பக் கூப்பிட்டு வாங்கினேன்.

25 அக்டோபர், வெள்ளி

60. மழை.

இலக்கியாவின் டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்: "இடது கையால் எழுதுகிறாள். கவனிக்கவும்." கொட்டின இடம் இன்னும் வலிக்கிறதோ என்னவோ.

27 அக்டோபர், ஞாயிறு

இதை எப்படி எழுதுவது.

காலையில் வீட்டில் இருந்தேன். வேண்டா அண்ணி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். "ஜெயா, புள்ளைக்கு இன்னா ஆச்சுன்னு தெரில. சோத்துக் கைய சோப்பு போட்டுக் கழுவிகினே கீது. ஸ்பூன்லதான் துன்னுது, அதுவும் பீச்சாங் கையால. இன்னிக்கு எங்கிட்ட வந்து கைய நீட்டி, 'அத்த, அழுவ ஆரம்பிச்சிச்சா பாரு'ன்னு கேக்குது."

அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இலக்கியா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வலது கை பாவாடைக்குள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே சொன்னாள். மேலே பாறைக்குப் பக்கத்தில் ஒரு விளாமரம். அப்பா பழத்துக்குக் கல் விட்டார். அவளும் விட்டாள். யார் முதலில் அடிக்கிறார்கள் பார்ப்போம் என்றாராம். பாறைக்கு அடியில் கறுப்பாகக் கோணி மாதிரி ஏதோ தொங்கியது, அது என்னவென்று அவளுக்குத் தெரியாது.

"என் கல்லுதாம்மா பட்டுது. நான்தான் அப்பாவ இப்டிப் பண்ணிட்டேன். அப்பா செத்துட்டா என் கை அழுவுனாலும் பரவால்ல."

பதிமூன்று நாள். எட்டு வயதுப் பெண் பதிமூன்று நாள் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரியில் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கோபத்தில் சொன்னது, அது பலிக்காது என்றேன். அழுதேன். கையை எடுத்து முத்தம் கொடுக்கப் போனேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தொடாத. உனக்கும் ஒட்டிக்கும்."

28 அக்டோபர், திங்கள்

காலையில் நானே அவள் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீரில் தோல் உரிந்து விரல் இடுக்கெல்லாம் புண். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பலித்துவிட்டதோ என்று நினைத்தேன். நானே நினைத்தேன். நான் என்ன அம்மா?

அவரிடம் சொல்வதா? அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதைத்தான் அன்றைக்குக் கேட்டாரா? இந்த நிலையில் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்?

சொல்லவில்லை.

30 அக்டோபர், புதன்

210 மில்லி!! நர்ஸே ஓடிவந்து சொன்னாள். நிறமும் தெளிந்திருக்கிறது. டாக்டர் "அவசரப்படாதீங்க" என்றார். ஆனால் சிரித்தார்.

2 நவம்பர், சனி

550.

இலக்கியாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள். வாசலில் இருந்த சந்திரம்மா என்ற ஆயாவிடம் கெஞ்சினேன். "பத்து நிமிசம். டாக்டர் வரங்காட்டியும் வந்துரணும்" என்று விட்டாள்.

பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் போகவே இல்லை. கழுத்துக் குழாயைப் பார்த்தபடி கதவோரம் நின்றாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. இவர் அவளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, கல்ல நீதான் உட்டேன்னு நெனச்சிகினு கீறியா?"

அவள் தலையாட்டினாள்.

"அது என் கல்லு."

"இல்லப்பா. என்துதான். டப்புன்னு சத்தம் வந்துச்சு."

"அந்த டப்பு என்து. உன்து மரத்துக்கு அந்தாண்ட போய் விய்ந்துச்சு. நான் பாத்தேன்."

"பொய். என்து மரத்துக்கு அந்தாண்ட போவல."

"போச்சுடி."

"போவல! நீ எதிர்பக்கம் பாத்துக்கினு இருந்த!"

குரல் ஏறிவிட்டது. சந்திரம்மா எட்டிப் பார்த்தாள். அதற்குள் இலக்கியா சண்டை போட்டபடியே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தின் கீழே வைத்து அழுத்திக்கொண்டார். அவளால் இழுக்க முடியவில்லை. இழுத்தால் கழுத்துக் குழாய் ஆடும். அப்படியே நின்றாள். அழுதாள். இத்தனை நாளில் அவள் சத்தமாக அழுது இன்றுதான் கேட்டேன்.

அவளை வெளியே விட்டு வந்து கேட்டேன்: நிஜமாகவே உங்கள் கல்லா?

"தெரில ஜெயா. ரெண்டும் ஒண்ணாத்தான் போச்சு." பிறகு, "தேன்கூட்டப் பாத்தேன். அவ்ளோ தூரம் போவாதுன்னு நெனச்சேன். உங்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு" என்றார்.

வராண்டாவில் நான் கத்தியதைச் சொன்னேன். என் கையைத் தேடிப் பிடித்தார்.

4 நவம்பர், திங்கள். தீபாவளி

பட்டாசு வேண்டாம் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். 900.

6 நவம்பர், புதன்

ஏசுபாதத்தைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பையன்களை நான் வாய்க்கு வந்தபடி பேசினதை அவராவது தெரிந்துகொள்ளட்டும். "புள்ள பொயச்சுதே, அது போதும்" என்றார். மன்னிப்புக் கேட்டு அந்தப் பையன்களுக்கு எழுத விலாசம் கேட்டேன். அவரிடம் இல்லை.

14 நவம்பர், வியாழன்

மெஷின் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குழாயை எடுத்தாயிற்று. ஆட்டோவில் வீடு வரும்வரை இவர் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால்கூடப் பரணியைத் தூக்கிக்கொள்கிறேன்.

25 நவம்பர், திங்கள்

காலையில் பள்ளிக்குக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இலக்கியா இரட்டை ஜடை மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "நீ எப்பவும் இறுக்கமாதான் பின்ற! வலிக்குது! அத்தைதான் நல்லா பின்னும்!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். என் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கி விட்டெறிந்தாள். சுவரில் பட்டு இரண்டு பல் போயிற்று.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன். எறிந்தது வலது கை.

"இன்னா சத்தம் அங்க?" என்று இவர் உள்ளேயிருந்து கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன். குனிந்து சீப்பை எடுத்துக்கொண்டு, ஜடையை அவிழ்த்து, தளர்த்திப் பின்னினேன்.